ஒரே மரத்தடியில் 12 வாரங்கள்: சிறு பிள்ளைகளுக்கான காட்டு வகுப்பு பற்றி ஒரு மதிப்பீடு

12 வாரங்களும் எங்கள் பிள்ளைகளை ஒரே இடத்துக்குத்தான் அழைத்துப் போனார்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால், இந்தக் காட்டு வகுப்பைப் பற்றி மற்றப் பெற்றோர் என்னிடம் கேட்ட முதல் கேள்வியும் சொன்ன முதல் குறையும் அதுவாகத்தான் இருந்தது. மூன்றாம் வாரத்தில் ஒரு தந்தை, "அடுத்த வாரமாவது வேறு பக்கம் போவீர்களா?" என்று வழிகாட்டியிடம் கேட்டார். "பிள்ளைகள் இந்த இடத்தையே இன்னும் பார்த்து முடிக்கவில்லையே சார்" என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்ன பதில் அன்று எனக்கும் ஒரு சமாளிப்பாகவே பட்டது. பருவம் முடிந்து இதை எழுதும்போது, கொடுத்த காசுக்குக் கிடைத்த பயனில் பெரும்பகுதி அந்த ஒரே இடத்திலிருந்தும், அங்கே கையைக் கட்டிக்கொண்டு நிற்கத் தெரிந்த அந்த ஒரு வழிகாட்டியிடமிருந்துமே வந்தது என்று நினைக்கிறேன். குறைகளும் உண்டு, அவற்றில் இரண்டு சிறியவை அல்ல.

வகுப்பின் அமைப்பு எளிமையானது. 6, 7 வயதுப் பிள்ளைகள் 24 பேர், வாரம் ஒரு காலை இரண்டரை மணி நேரம், பள்ளியிலிருந்து நடந்தே போகக்கூடிய ஒரு சிறு காடு. வகுப்பாசிரியர் ஒருவரும், இந்த வகுப்பை நடத்தும் சேவையினர் அனுப்பும் வழிகாட்டிகள் இருவரும், முறைவைத்து வரும் பெற்றோர் இருவரும் உடன் இருப்பார்கள். துணைப் பெற்றோராக நான் 9 வாரங்கள் போனேன். மற்ற 3 வாரங்களைப் பற்றி என் மகளும் அவளுடைய ஆசிரியரும் சொன்னதைக் கேட்டுத்தான் எழுதுகிறேன். சேவையின் பெயரை வேண்டுமென்றே தவிர்த்திருக்கிறேன். ஒரு பருவத்து அனுபவத்தை வைத்துக்கொண்டு ஒருவரைத் தூக்கி நிறுத்தவோ போட்டு உடைக்கவோ எனக்கு விருப்பமில்லை. பிள்ளையை இப்படியொரு வகுப்புக்கு அனுப்பலாமா என்று யோசிப்பவர்கள் எதைப் பார்த்து எடைபோட வேண்டும் என்பதே என் அக்கறை.

காட்டுக்குள் பிள்ளைகளை அழைத்துப் போய்க் கற்பிப்பது நேற்று முளைத்த சங்கதி அல்ல. டென்மார்க்கில் 1950களில் எல்லா ஃப்ளாட்டாவ் என்ற பெண்மணி பிள்ளைகளை நாள்தோறும் காட்டுக்குள் கூட்டிப் போனதிலிருந்துதான் அங்கே 'நடக்கும் மழலையர் பள்ளி' உருவாயிற்று. சுவீடனில் 1957ஆம் ஆண்டு யோஸ்தா ஃப்ரோம் என்பவர், ஸ்கூக்ஸ்முல்லே என்ற காட்டுப் பூதம் ஒன்றைக் கற்பனை செய்து, அதன் வாயிலாகச் சிறுவர்களுக்கு இயற்கையைக் காட்டும் வகுப்புகளைத் தொடங்கினார். இங்கிலாந்தின் பிரிட்ஜ்வாட்டர் கல்லூரியிலிருந்து மழலையர் கல்வித் துறையினர் 1993இல் டென்மார்க் போய்ப் பார்த்துவிட்டு வந்த பிறகுதான் 'வனப்பள்ளி' என்ற பெயர் ஆங்கில உலகில் பரவியது. 2012இல் அங்கே அதற்கென ஒரு சங்கமும் அமைந்தது. அந்தச் சங்கம் வகுத்துக்கொண்ட 6 கோட்பாடுகளில் முதலாவது, இது ஒரு நாள் சுற்றுலாவாக இல்லாமல் இடைவெளி விடாமல் நெடுநாள் நடக்கும் தொடர் வகுப்பாக இருக்க வேண்டும் என்பது. எங்கள் வழிகாட்டியின் பதில் சமாளிப்பு அல்ல என்பதை நான் விளங்கிக்கொண்டது அதைப் படித்த பின்புதான்.

முதல் வாரம் ஒரே இரைச்சல். சிவப்புத் துணி கட்டிய மரங்களே எல்லை, அதைத் தாண்டக் கூடாது, விசில் மூன்று முறை ஒலித்தால் ஓடிவந்து மரக்கட்டை இருக்கைகளில் உட்கார வேண்டும் என்பவற்றைச் சொல்லிப் புரியவைப்பதற்கே பாதி நேரம் போயிற்று. அதிலும் எல்லையை வழிகாட்டி வாயால் சொல்லவில்லை. பிள்ளைகளையே ஒரு சுற்று நடக்கவைத்து, சிவப்புத் துணிகளை அவர்கள் கையாலேயே கட்டவைத்தார். பிறகு ஓர் ஒளிந்து விளையாட்டு. ஒளிந்திருப்பவர்கள், "ஒன்று, இரண்டு, மூன்று, எங்கே இருக்கிறாய்?" என்று வழிகாட்டி கூவும்போதெல்லாம் மறைவிடத்திலிருந்தே பதில் குரல் கொடுக்க வேண்டும். பார்ப்பதற்கு வெறும் விளையாட்டு. பார்வையிலிருந்து விலகிய பிள்ளை குரலுக்குப் பதில் குரல் கொடுக்கும் பழக்கத்தை ஒரே காலையில் ஏற்படுத்திவிடும் தந்திரம் அது என்பது எனக்கு உறைக்கச் சற்று நேரமாயிற்று. பின் வந்த வாரங்களில், எந்தப் பிள்ளை எந்தப் புதருக்குப் பின்னால் இருந்தாலும் அந்த ஒரே கூவலில் தலைகளை எண்ணிவிட முடிந்தது.

அந்த வெட்டவெளியின் ஓரத்தில் உளுத்துப்போன அடிமரம் ஒன்று கிடந்தது. முதல் வாரத்தில் அது பிள்ளைகளுக்கு ஏறிக் குதிக்கும் மேடை. இரண்டாம் வாரம் யாரோ ஒருவன் காலால் உதைத்ததில் பட்டை பெயர்ந்து, உள்ளே வெள்ளை நூல்போல் பரவியிருந்த பூஞ்சையும், சுருண்டுகொண்ட ஒரு மரவட்டையும் வெளிப்பட, பாதிப் பேர் அலறிக்கொண்டு ஓடினார்கள்; மீதிப் பேர் குச்சியை எடுத்தார்கள். குச்சியை எடுத்தவர்களை வழிகாட்டி தடுக்கவில்லை. அவர் அருகில் போய்க் குந்தி, ஒன்றுமே பேசாமல் பூதக்கண்ணாடியை மரத்தின் மேல் வைத்துவிட்டு, தானும் மரவட்டையைப் பார்க்கத் தொடங்கினார். குச்சிகள் ஒவ்வொன்றாகக் கீழே விழுந்தன. ஓடியவர்களும் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள்.

ஐந்தாம் வாரம் அதே அடிமரத்தருகே நடந்ததை நான் நேரில் பார்த்தேன். மண்ணைத் தொடவே மாட்டேன் என்று நான்கு வாரமாகக் கையுறையோடு நின்ற ஒரு சிறுமி, பூரானுக்கும் மரவட்டைக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டாள். பதில் எனக்குத் தெரியும். சொல்லிவிடலாமென்று வாயைத் திறந்தும்விட்டேன். வழிகாட்டி என்னைப் பார்த்து மெல்லத் தலையசைத்துவிட்டு, "எனக்கும் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது, கால்களை எண்ணலாமா?" என்றார். மரவட்டையைத் தட்டில் விட்டு, ஓடும் கால்களை எண்ணுவதென்பது ஆகாத காரியம் என்று கண்டுகொண்டு, கடைசியில் அதன் உடலை வளையம் வளையமாகப் பார்க்கத் தொடங்கிய பிறகு, "ஒரு வளையத்துக்கு இந்தப் பக்கம் இரண்டு இருக்கிறது!" என்று அந்தச் சிறுமியே கத்தினாள். அதற்குள் 20 நிமிடம் போயிருந்தது. பூரானுக்கு வளையத்துக்கு ஒரு சோடிக் கால், மரவட்டைக்குப் பெரும்பாலான வளையங்களில் இரண்டு சோடி என்பதை நான் சொல்லியிருந்தால் 10 விநாடிகூட ஆகியிருக்காது. அவள் கையுறையை எப்போது கழற்றினாள் என்பதை எங்களில் யாருமே கவனிக்கவில்லை. பூரானைக் கையால் தொடக் கூடாது என்பதை மட்டும் வழிகாட்டி வாய்விட்டுச் சொன்னார். கடிக்கும் என்பதால் அதைக் கண்டறிதலுக்கு விட்டுவைக்கவில்லை. பார்த்து முடித்தபின், பெயர்த்த பட்டையை இருந்த இடத்திலேயே வைத்து மூடுவது எழுதப்படாத சட்டம். "அவர்கள் வீட்டுக் கூரை" என்று பிள்ளைகளே ஒருவரையொருவர் அதட்டிக்கொள்வார்கள்.

ஒரே இடத்துக்குப் போவதன் பலன் இப்படித்தான் மெல்ல மெல்ல ஊறுகிறது. ஆறாம் வாரத்துக்குள் அந்தச் சிறு காட்டின் ஒவ்வொரு மூலைக்கும் பிள்ளைகள் பெயர் வைத்துவிட்டார்கள். சரிந்து கிடந்த கிளை 'கப்பல்', மழைநீர் தேங்கும் பள்ளம் 'கடை', வழுக்கும் மேடு 'தண்டனை மேடு'. கடையில் சேறு நிறுக்கப்படும், சருகு எண்ணிக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாம். ஒரு முறை சருகுக்கு விலைவாசி ஏறி, இரண்டு வியாபாரிகளுக்குள் சண்டைகூட வந்தது. குச்சி, கல், விதை, கயிறு, சேறு என்று நகர்த்தவும் சேர்க்கவும் பிரிக்கவும் கூடிய பொருள்கள் எவ்வளவுக்கு எவ்வளவு அதிகமோ அவ்வளவுக்குப் பிள்ளையின் புனைதிறன் விரியும் என்று சைமன் நிக்கல்சன் 1971இல் ஒரு கருத்தை முன்வைத்தார். விளையாட்டுத் திடல்களை வடிவமைப்பவர்கள் இன்றும் அதை எடுத்துக்காட்டுவதுண்டு. நிலத்தில் ஊன்றிய சறுக்குமரத்தில் சறுக்கத்தான் முடியும். விழுந்து கிடக்கும் கிளை திங்கட்கிழமை கப்பலாகவும் மறுவாரம் மருத்துவமனையாகவும் இருக்கும். எங்கள் பிள்ளைகளின் கப்பலுக்கு ஏழாம் வாரம் நங்கூரம் வந்தது, ஒன்பதாம் வாரம் அதில் கடற்கொள்ளையரும் ஏறினார்கள். வாரம் ஒரு புதுக் காட்டைக் காட்டியிருந்தால் ஒவ்வொரு வாரமும் முதல் வாரமாகவே இருந்திருக்கும்.

வழிகாட்டியின் பொறுமையைப் பற்றி இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எட்டாம் வாரம் இரண்டு மரங்களுக்கிடையே கயிறு கட்டித் தார்ப்பாய் போட்டுக் குடில் அமைக்கும் வேலை. கயிற்றை மரத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி, ஒன்றின் அடியில் மற்றொன்றைச் செருகி இறுக்கும் முடிச்சை அவர் ஒரே ஒரு முறை செய்துகாட்டினார். இரண்டு சிறுவர்கள் அதை ஐந்து முறை தவறாகப் போட்டார்கள். தார்ப்பாய் ஐந்து முறையும் அவர்கள் தலையிலேயே விழுந்தது. என் கை துறுதுறுத்தது. வழிகாட்டியோ பத்தடி தள்ளி, வேறு எதையோ பார்ப்பதுபோல் நின்றார். ஆனால் ஓரக்கண் முழுதும் அங்கேதான் இருந்தது. ஆறாவது முறை இழுத்தபோது முடிச்சு இறுகியது. அவன்கள் இருவரும் யாரையும் கூப்பிட்டுக் காட்டவில்லை. உள்ளே போய் உட்கார்ந்துகொண்டு, பக்கத்துக் குடிலுக்குப் போய் முடிச்சுப் போட்டுக் கொடுக்கக் கூலியாகச் சருகு கேட்டார்கள். உதவாமல் இருப்பதும் ஒரு வேலை என்பதை இவ்வளவு நாள் பெற்றோராக இருந்தும் நான் அறிந்திருக்கவில்லை.

இதே சேவையின் இன்னொரு வழிகாட்டியைப் பற்றி இப்படி எழுத முடியவில்லை என்பதுதான் என் முதல் பெரிய குறை. மூன்றாம், நான்காம் வாரங்களை அவர் நடத்தினார். அட்டையில் செருகிய அச்சுத் தாள்களைக் கையில் கொடுத்து, பட்டியலில் உள்ள பத்துப் பொருள்களையும் கண்டுபிடித்துக் குறியிட வேண்டும், முதலில் முடிப்பவருக்கு ஒட்டுப்படம் பரிசு என்றார். பிள்ளைகள் ஓடினார்கள், குறியிட்டார்கள், ஒட்டுப்படத்தை வாங்கினார்கள். பட்டியலில் 'கூர்மையான இலை' இருந்தது, ஆகவே இலையைப் பறித்தார்கள். காளான் பட்டியலில் இல்லை, ஆகவே அடிமரத்தின் பக்கவாட்டில் அன்றைக்குத்தான் அடுக்கடுக்காக முளைத்திருந்த காளானை ஓடியவர்களில் ஒருவரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. வகுப்பறையில் நாற்காலியில் உட்கார்ந்து செய்யும் வேலையை மரத்தடியில் நின்றபடி செய்வதற்கு மழைக்கோட்டும் கம்பூட்சும் எதற்கு? தாள்களே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் தேடவேண்டியதைப் பெரியவர் முன்கூட்டியே முடிவுசெய்துவிட்டால், காடு வெறும் பின்னணிப் படமாகிவிடுகிறது. இதைச் சேவையினரிடம் எழுத்தில் தெரிவித்தோம். ஐந்தாம் வாரம் முதல் தாள்கள் வரவில்லை. முறையீட்டைக் காதில் போட்டுக்கொண்டார்கள் என்பதைப் பாராட்டத்தான் வேண்டும்.

கத்தி, ரம்பம், நெருப்பு என்றதும் பெற்றோரில் பலருக்கு வயிற்றைக் கலக்கியது, எனக்கும்தான். நார்வேயைச் சேர்ந்த ஆய்வாளர் எல்லன் சாண்ட்செட்டர், பிள்ளைகள் தாமாகவே நாடும் துணிகர விளையாட்டுகளை 2007இல் 6 வகையாகப் பிரித்தார்: உயரத்தில் ஏறுவது, வேகமாகப் பாய்வது, ஆபத்தான கருவிகளைக் கையாள்வது, நெருப்பு, நீர் போன்றவற்றின் அருகே விளையாடுவது, கட்டிப் புரண்டு சண்டையிடுவது, பெரியவர் கண்ணில் படாமல் மறைந்து திரிவது. இந்த ஆறும் அந்த 12 வாரங்களில் ஏதோ ஒரு வடிவில் நடந்தன. சேவையினர் அவற்றைப் படிப்படியாக அனுமதித்த விதம்தான் கவனிக்கத்தக்கது. மரம் ஏறுவதற்கு ஒரே விதி: யாரும் யாரையும் தூக்கிவிடக் கூடாது. தானாக ஏற முடிந்த உயரம் வரைதான் போகலாம். தானாக ஏறியவனுக்கு இறங்கும் வழி பெரும்பாலும் தெரிந்திருக்கும். ஏறுகிறவனைப் பார்த்து, "பார்த்து, பார்த்து!" என்று கத்தக் கூடாது என்பது பெரியவர்களுக்கான விதி. அதற்குப் பதிலாக, "வலது காலை அடுத்து எங்கே வைக்கப்போகிறாய்?" என்று கேட்கச் சொன்னார்கள். வீட்டு மாடிப்படியில்கூட இப்போது நான் அப்படித்தான் கேட்கிறேன்.

கருவிகளில் முதலில் கையில் கொடுத்தது கத்தியை அல்ல, காய்கறித் தோல் சீவியை. பச்சைக் குச்சியின் பட்டையை அதனால் சீவும்போது, விசை எப்போதும் உடலுக்கு வெளிப்பக்கமாகவே போக வேண்டும், பிடிக்கும் கை கருவிக்குப் பின்னால் இருக்க வேண்டும், கையை நீட்டிச் சுற்றினால் யார்மேலும் படாத தூரத்தில் உட்கார வேண்டும் என்ற மூன்றும் கைக்குப் பழகிவிடுகின்றன. இரண்டு வாரம் கழித்து மடக்காத, சிறு அலகுள்ள கத்தி வந்தது. மடக்குக் கத்தி ஏன் இல்லை என்று கேட்டேன். அழுத்தும்போது அலகு விரல்மேல் மடங்கிவிடலாம் என்பதுதான் காரணம். கத்தி வேலை நடக்கும்போது ஒரு பெரியவருக்கு ஒரு பிள்ளை. மற்றவர்கள் அந்தப் பக்கமே வரக் கூடாது. ரம்பத்தை இருவராக எதிரெதிரே பிடித்து மரவட்டுகளை அறுத்து, துளையிட்டு, கயிறு கோத்துப் பெயர்ப் பதக்கம் செய்துகொண்டார்கள். துணியின் மேல் இலையை வைத்துச் சுத்தியலால் தட்டிச் சாற்றை இறக்கும் வேலையும் ஒரு நாள் நடந்தது. அது அழகாகத்தான் இருந்தது, ஆனால் பத்து நிமிடத்தில் அலுத்தும் போயிற்று.

நெருப்பு பத்தாம் வாரம்தான். சுற்றிக் கட்டைகளை அடுக்கிய வட்டம், அருகில் இரண்டு வாளித் தண்ணீர், வட்டத்துக்குள் எந்நேரமும் ஒரே ஒரு பிள்ளை. நெருப்பருகே உட்காரும் முறையே தனி: ஒரு முழங்காலை மண்ணில் ஊன்றி, மறுபாதத்தைத் தரையில் பதித்திருக்க வேண்டும், காற்று திசைமாறினால் கை ஊன்றாமல் ஒரே எழுச்சியில் பின்வாங்கிவிடலாம். உரசினால் தீப்பொறி உதிரும் உலோகக் கோலைப் பயன்படுத்தினார்கள்; அந்தப் பொறி சுமார் 3000 டிகிரி செல்சியஸ் வரை சூடாக இருந்தாலும் கணத்தில் அணைந்துவிடுவதால், பிரித்து உதறிய பஞ்சில் விழுந்தால்தான் பிடிக்கும். என் மகள் நாற்பது முறையாவது உரசியிருப்பாள். பஞ்சை உருட்டி இறுக்கி வைத்திருந்தாள் என்பதை அவளே கண்டுபிடித்து, பிரித்து, புசுபுசுவென்று உப்பவைத்தபின் பிடித்தது. நெருப்புக்கு எரிபொருளும் சூடும் மட்டும் போதாது, காற்றும் வேண்டும் என்பதை அன்று இரவு சாப்பாட்டு மேசையில் எங்களுக்கு அவள் பாடமாகவே எடுத்தாள்.

கணக்கும் மொழியும் எங்கே என்று கேட்கும் பெற்றோருக்கு ஒரு காட்சியை மட்டும் சொல்கிறேன். மரத்துக்கு முதுகைக் காட்டி நின்று, குனிந்து, இரண்டு கால்களுக்கும் நடுவே பின்னால் பார்க்க வேண்டும். உச்சிக் கிளை சரியாகக் கண்ணில் படும் இடம் வரும்வரை முன்னே நடந்துகொண்டே போக வேண்டும். அப்படி நிற்கும் இடத்துக்கும் மரத்துக்கும் உள்ள தூரம் கிட்டத்தட்ட மரத்தின் உயரம். குனிந்த நிலையில் பார்வை ஏறத்தாழ 45 பாகைச் சாய்வில் மேலேறுவதுதான் அதன் சூட்சுமம். ஒருவன் 31 எட்டு என்றான், இன்னொருத்தி 26 என்றாள், யார் சொல்வது சரி என்று வாக்குவாதம் முற்றி, எட்டுக்கு எட்டு நீளம் மாறும் என்பதும், ஆகவே எல்லோருக்கும் பொதுவான ஓர் அளவுகோல் வேண்டும் என்பதும் அவர்கள் வாயாலேயே வந்தன. வழிகாட்டி பையிலிருந்து அளவு நாடாவை எடுத்தது அதற்குப் பிறகுதான். நாடா முதலிலிருந்தே பையில்தான் இருந்தது.

இனி, இரண்டாவது பெரிய குறை. சேவையினரின் அறிமுகத் தாளில் 6 பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் வீதம் இருப்பார் என்று அச்சிட்டிருந்தார்கள். நான் போன 9 வாரங்களில் 2 வாரம் ஒரே ஒரு வழிகாட்டிதான் வந்தார். அதில் ஒரு நாள் துணைப் பெற்றோரும் நான் ஒருத்திதான். ஆசிரியரையும் சேர்த்து 24 பேருக்கு மூவர். அன்று சாய்த்து அடுக்கிய கிளைக் குடில் ஒன்று சரிந்து, ஒரு சிறுவனின் தோள் சிராய்த்தது. காயம் சிறியது, முதலுதவியும், விபத்துக் குறிப்பேட்டில் பதிவும், மாலையில் பெற்றோருக்குத் தொலைபேசித் தகவலும் முறையாக நடந்தன, அழுது முடித்தவன் அதே குடிலை முட்டுக்கொடுத்து மறுபடி எழுப்பவும் செய்தான். ஆனாலும், பிள்ளைகள் உள்ளே நுழையுமுன் ஒரு பெரியவர் கிளையை அசைத்துப் பார்த்திருந்தால் அது சரிந்திருக்காது. அசைத்துப் பார்க்கக் கைகள் போதவில்லை. துணிகர விளையாட்டை ஆதரிப்பவர்கள்தான் தலைக்கணக்கில் மற்றவர்களைவிடக் கறாராக இருக்க வேண்டும். ஆள் குறைந்தால் அன்று கருவியும் குடிலும் கிடையாது, வெறும் நடைதான் என்று ஒரு விதி வைத்திருக்கலாம்.

பலத்த காற்றுக்காக ஒரு வகுப்பை ரத்துசெய்ததில் எனக்கு மனத்தாங்கல் இல்லை. மழையில் நனையலாம், ஆனால் காற்றில் காய்ந்த கிளை முறிந்து விழும் ஆபத்துக்கு மழைக்கோட்டு உதவாது. ஒவ்வொரு வாரமும் பிள்ளைகள் வருமுன் வழிகாட்டி அண்ணாந்து பார்த்தபடி ஒரு சுற்று வருவதும் அதற்காகத்தான். ஆனால் ரத்துச் செய்தி வந்தது பிள்ளைகள் கம்பூட்சு மாட்டி வரிசையில் நின்ற பிறகு. முந்தின மாலையே வானிலை முன்னறிவிப்பு தெளிவாகச் சொல்லியிருந்தது.

அறிமுகத் தாளின் மற்றொரு பக்கத்தில் கவனம் கூடும், அறிவு வளரும், நோய் எதிர்ப்பாற்றல் பெருகும், கண்பார்வை காக்கப்படும் என்றெல்லாம் வாக்குறுதிகள் வரிசையாக இருந்தன. இவற்றில் சிலவற்றுக்கு அடிப்படை உண்டு என்பது உண்மை. சீனாவின் குவாங்சௌ நகரில் 12 பள்ளிகளின் முதல் வகுப்புப் பிள்ளைகளிடம் 3 ஆண்டுகள் நடத்தி 2015இல் வெளியான ஆய்வில், நாள்தோறும் 40 நிமிடம் கூடுதலாக வெளியில் இருந்தவர்களில் 30.4 விழுக்காட்டினருக்கும், அப்படி இல்லாதவர்களில் 39.5 விழுக்காட்டினருக்கும் கிட்டப்பார்வை புதிதாக ஏற்பட்டிருந்தது. பின்லாந்தில் குழந்தைகள் காப்பக முற்றங்களில் காட்டு மண்ணையும் புல்தரையையும் பரப்பி, பிள்ளைகளை 28 நாள் அவற்றில் விளையாடவிட்டுப் பார்த்த 2020ஆம் ஆண்டு ஆய்வில், தோலில் வாழும் நுண்ணுயிர்களின் வகைகள் பெருகியதும், நோய் எதிர்ப்பைச் சீராக்கும் கூறுகள் இரத்தத்தில் மேம்பட்டதும் தெரியவந்தன. ஆனால் முதலாவது அன்றாடம் 40 நிமிடம். இரண்டாவதும் கிட்டத்தட்ட அன்றாட விளையாட்டு. வாரத்துக்கு ஒரு காலை நடக்கும் வகுப்பின் விளம்பரத்தில் அந்தப் பலன்களை அப்படியே ஒட்டிக்கொள்வது நியாயமல்ல. வகுப்பு தன்னளவிலேயே நன்றாக இருக்கும்போது இந்தப் பூச்சு எதற்கென்றுதான் எனக்கு விளங்கவில்லை. மற்ற ஆறு நாளும் பிள்ளையை வெளியே விடும் பொறுப்பு வீட்டில் இருக்கிறது.

சில்லறைக் குறைகளை விரைந்து சொல்லிவிடுகிறேன். சேவையினர் தங்கள் விளம்பரத்துக்காக எடுக்கும் புகைப்படங்கள் பல சமயம் விளையாட்டின் நடுவில் குறுக்கிட்டன. "மரவட்டையை இந்தப் பக்கம் பிடியம்மா, வெளிச்சம் இருக்கிறது" என்று ஒரு நாள் கேட்டபோது எனக்குச் சுரீரென்றது. கழிப்பிடம் என்பது தார்ப்பாய் மறைப்புக்குள் ஒரு வாளி. அது போதும்தான், ஆனால் முன்கூட்டியே சொல்லி, பிள்ளைகளைப் பழக்கியிருக்க வேண்டும், ஏனென்றால் முதல் இரண்டு வாரங்கள் சிலர் இரண்டரை மணி நேரமும் அடக்கிக்கொண்டே இருந்தார்கள். கைகழுவ நீரும் சோப்பும் ஒரு நாளும் குறையவில்லை. உடைப் பட்டியல் முதல் வகுப்புக்கு முந்தின இரவுதான் வந்தது. முழுக்கால் சட்டையை ஏன் காலுறைக்குள் செருக வேண்டும் என்ற காரணம், அதாவது உண்ணிகள் புல்லிலிருந்து காலில் ஏறும் என்பது, அதில் இல்லை. வீடு திரும்பியதும் முழங்கால் மடிப்பிலும் அக்குளிலும் காதுக்குப் பின்னாலும் பார்க்கச் சொல்லி ஒரு வரி சேர்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கூட்டமும் கூச்சலும் பொறுக்காத பிள்ளைக்கு இது சரிவருமா என்று ஒரு தாய் என்னிடம் கேட்டார். எங்கள் வகுப்பில் அப்படி ஒரு சிறுவன் இருந்தான். மூன்று வாரம் மரக்கட்டையை விட்டு எழவே இல்லை. யாரும் அவனை எழுப்பவும் இல்லை. நான்காம் வாரம் தாள்களோடு எல்லோரும் ஓடியபோது, அந்தக் காளானைக் கண்டது அவன் ஒருவன்தான்; கட்டையில் உட்கார்ந்த இடத்திலிருந்தே அது அவன் கண்ணுக்கு நேராக இருந்தது. மறுவாரம் வழிகாட்டியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினான். அதன்பின் காளான் ஒவ்வொரு வாரமும் எத்தனை விரற்கடை வளர்ந்திருக்கிறது என்று அளந்து சொல்வது அவனுடைய உத்தியோகமாயிற்று. ஒவ்வொரு பிள்ளைக்கும் இப்படி ஒன்று அமையும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். ஆனால், வாரா வாரம் இடம் மாறும் வகுப்பில் அவனுக்கு அது அமைந்திருக்காது.

அறிமுகக் கூட்டத்துக்குப் போகிறவர்கள், என்னென்ன செயல்பாடுகள் உண்டு என்று கேட்பதைவிட, அடுத்த வாரமும் இதே இடமா, ஆள் குறைந்தால் எதை நிறுத்துவீர்கள், பிள்ளை ஒன்றுமே செய்யாமல் உட்கார்ந்திருந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று கேட்டுப்பாருங்கள். மூன்றாவது கேள்விக்கு, "ஊக்கப்படுத்துவோம்" என்று சட்டென்று பதில் வந்தால் நான் இன்னும் இரண்டு கேள்வி கேட்பேன்.

அடுத்த பருவத்துக்கும் மகளின் பெயரைக் கொடுத்திருக்கிறேன். தலைக்கணக்கைப் பற்றி நாங்கள் எழுதிய கடிதத்துக்கு, ஆள் குறையும் நாளில் கருவிகளை எடுப்பதில்லை என்று எழுத்துப்பூர்வமாகப் பதில் தந்திருக்கிறார்கள், இடமும் மாறவில்லை. மாற்றுக் காலுறை இந்த முறை இரண்டு சோடி எடுத்து வைத்திருக்கிறேன், ஏனென்றால் 'கடை' இன்னும் அதே பள்ளத்தில்தான் நடக்கிறது.